ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பதினைந்து வயது: இனி எதைச் சொல்லித் தருவது?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு 15 வயது. நான்கு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டான். கணக்கு வருகிறது, கட்டுரை வரவில்லை. பேசுகிறான், ஆனால் பாதி நேரம் நாம் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான். ‘பத்தாவது தேற மாட்டான், வேறு இடம் பாருங்கள்’ என்கிறது பள்ளி. ‘படித்தது போதும், நம் லுங்கிக் கடையில் உட்கார வை’ என்கிறார்கள் வீட்டில். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘எனக்குப் பிறகு இவன் என்ன செய்வான்’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூரில் சிறப்பாசிரியராக வேலை செய்யத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காத தாய் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பள்ளி, பரீட்சை, சான்றிதழ், வேலை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குள் அடங்குகிறது.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது விடுமுறைதானே, அவசரம் இருக்காது. அவன் கண் விழித்ததிலிருந்து காலைச் சாப்பாடு முடியும்வரை நீங்கள் எத்தனை முறை அவனுக்கு வாய்விட்டுச் சொல்கிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். எழுந்திரு. பிரஷ் எடு. துப்பு. வாய் கொப்பளி. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே பார். உட்கார். மெதுவா. தண்ணீர் குடி. நான் உட்கார்ந்து எண்ணிய வீடுகளில் அறுபது, எழுபது கோடு சாதாரணமாக வந்திருக்கிறது. பையனுக்குப் பல் தேய்க்கத் தெரியும்தான். ஆனால் அவன் கற்றுக்கொண்ட பல் தேய்ப்பில் ஒரு படி பிரஷ், ஒரு படி பேஸ்ட், ஒரு படி உங்கள் குரல். அந்தக் குரல் வராவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். ‘எனக்குப் பிறகு’ என்ற பயத்தின் உள்ளே இருப்பது இதுதான். இனி வரும் மூன்று வருடத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகக் குறைப்பது.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசாத குழந்தையைப் பேச வைத்தது அந்தக் குரல்தான். நானே இதில் தவறியிருக்கிறேன், அதைச் சொன்னால் விளங்கும்.

காட்பாடியில் ஒரு பையன், அப்போது 16 வயது. ரயில் என்றால் உயிர், காட்பாடி சந்திப்பில் நிற்கும் வண்டிகளின் நேரமெல்லாம் மனப்பாடம். பாகாயத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு அச்சகம். அங்கே தாள் எண்ணிக் கட்டும் வேலை பழக அவனைச் சேர்த்தோம். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடும் 1, 2 எண் டவுன் பஸ்ஸில் அவனைத் தனியாகப் போகப் பழக்குவது என் பொறுப்பு. மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நிறுத்தம் வந்ததும் ‘இறங்கலாம்’ என்பேன், இறங்குவான். நன்றாகப் பழகிவிட்டான் என்று அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நாலாவது வாரம் ஒரு நாள் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, வாயே திறக்காமல் இருந்தேன். நிறுத்தம் வந்தது, போனது. பையன் அசையவில்லை. பாகாயத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் காலி பஸ்ஸில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று வாரமும் அவன் கற்றது நிறுத்தத்தை அல்ல, ‘இறங்கலாம்’ என்ற என் சொல்லை.

அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். வழியில் கண்ணில் படுகிறவற்றைக் கைபேசியில் படம் எடுத்து, ஒரு சாவி வளையத்தில் அட்டைகளாகக் கோர்த்தோம். பாலாற்றுப் பாலம், சிஎம்சி வாசல், அப்புறம் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, அது வந்தால் எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இடம் தாண்டியதும் ஓர் அட்டையைத் திருப்புவான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்தால் அட்டையைத் தொட்டுக் காட்டுவதோடு சரி. பிறகு பின் இருக்கைக்குப் போனேன். பிறகு அவன் முன்வாசலில் ஏற, நான் பின்வாசலில் ஏறினேன். பிறகு ஸ்கூட்டியில் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். கடைசியாக, அச்சக வாசலில் போய் நின்றுகொண்டேன். ஏழு மாதம் ஆயிற்று. பஸ் வழியில் நின்றுவிட்டால் நடத்துநரிடம் காட்ட ஒரு சீட்டும் சட்டைப் பையில் இருந்தது: பெயர், போக வேண்டிய இடம், ‘எனக்குப் பதில் சொல்ல நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற வரி, அம்மாவின் எண். அந்த வழித்தட நடத்துநர்கள் இரண்டு பேர் அவனை அதற்குள் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

உங்கள் வீட்டில் ஒரு வேலையை மட்டும் எடுங்கள், பஸ் அளவுக்குப் பெரிது வேண்டாம். அவன் வேலை செய்யும் இடத்தில் படங்களை வரிசையாக ஒட்டி, நீங்கள் அவனுக்குப் பின்னால் நில்லுங்கள். முகத்தைப் பார்த்தால் உங்கள் குரலைத் தேடுவான். பத்து விநாடி காத்திருங்கள். தாய்க்கு அது பெரிய நேரம்தான், எண்ணிக்கொண்டே நில்லுங்கள். செய்யவில்லை என்றால் படத்தைத் தொடுங்கள், சொல்லாதீர்கள். சொல்லை விலக்குவதுதான் மிகக் கடினம், தொட்டுக் காட்டுவதை மெல்ல எடுத்துவிடலாம்.

இனி பள்ளி. ‘வேறு இடம் பாருங்கள்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ, இலவசக் கல்வி பெறும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் இனி எதையும் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொதுத்தேர்வுச் சலுகைகளைக் கேளுங்கள்: சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, முடிந்தால் தனி அறை. அரசுத் தேர்வுத் துறைக்கு இந்த விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். அரையாண்டு முடிந்தபின் அலைந்தால் யாருக்கும் நேரம் இருக்காது.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கேள்வியைப் படித்ததும் உங்கள் மகன் அதே கேள்வியைத் திருப்பிச் சொன்னால், எதிரில் இருப்பவர் எதை எழுதுவார்? தேர்வறையில் அவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதனால் ஜூலையிலிருந்தே, வாரம் ஒருமுறை, அவனுக்குப் பழக்கமில்லாத ஒருவரை வைத்துச் சின்னத் தேர்வு வையுங்கள். கேள்வியில் முக்கியச் சொல்லின் கீழ் கோடு போடுவது, தன் பதிலை இரண்டு மூன்று சொல்லாக முதலில் தானே எழுதிக்கொள்வது, பிறகு அதைப் பார்த்து வாக்கியமாகச் சொல்வது என்று பழக்கினால் எதிரொலி குறைகிறது. நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள்.

வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு வரச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் வந்து பேசினால் ஆசிரியர்கள் கேட்பார்கள். இந்த வழி சரிப்படவே இல்லை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடம் என்று மெதுவாக முடித்த பிள்ளைகள் என்னிடமே உண்டு. கணக்கு வரும் பையன் என்கிறீர்கள், அதனால் நான் முதலில் இருக்கும் பள்ளியிலேயே ஒரு முறை முயன்று பார்க்கச் சொல்வேன். ஒரு விஷயம் மட்டும்: மதிப்பெண்ணுக்காக மாலை முழுவதும் டியூஷனில் உட்கார வைத்து, கடைக்குப் போகவும் சோறு வடிக்கவும் கற்க வேண்டிய நேரத்தை எடுத்துவிடாதீர்கள். இப்படிப் பத்தாவது தேறி, 19 வயதில் அம்மா சட்டை போட்டுவிடும் பிள்ளைகளைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்று போட்டிருப்பார்கள். உங்கள் பையனுக்குப் புற உலகச் சிந்தனை நிறையவே இருக்கிறது, வேறு விதமாக இருக்கிறது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் கட்டம் அதுதான், அதையே தேர்ந்தெடுங்கள். மதிப்பீடு செய்பவர்கள் 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலை வைத்துக் கேட்பார்கள். இங்கேதான் தாய்மார்கள் பாசத்தால் தவறு செய்கிறார்கள். ‘எல்லாம் செய்வான் டாக்டர்’ என்பார்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்து அவன் செய்வதைச் சொல்லக் கூடாது. உங்கள் உதவி இல்லாமல் அவன் செய்வதைச் சொல்லுங்கள். நாளை போடப்போகும் அந்தக் கோட்டுத் தாளையே கையில் கொண்டு போகலாம். பழைய சான்றிதழில் காலக்கெடு போட்டிருக்கிறதா பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள், இனி எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின்னும் குடியாத்தம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், உங்களுக்கு வேலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். பராமரிப்பு உதவித்தொகைக்கு அவனுக்குத் தகுதி உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, அதற்குள் ஒரு பகுதி தெரபிச் செலவுக்கும் உண்டு. முன் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது.

உடம்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கூச்சமாக இருந்திருக்கும், நானே சொல்லிவிடுகிறேன். 15 வயதுப் பையனை இன்னும் நீங்களே குளிப்பாட்டுகிறீர்கள் என்றால் இந்த விடுமுறையிலேயே நிறுத்துங்கள். முதுகு சரியாகத் தேய்க்கவில்லை என்றாலும் பரவாயில்லை. கதவைச் சாத்தித்தான் உடை மாற்ற வேண்டும், தன் உடம்பைத் தொடுவது தன் அறையில் மட்டும், அடுத்தவர் தன்னைத் தொட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பதைப் படம் போட்டு, சாதாரணக் குரலில், அப்பாவோ மாமாவோ சொல்லித் தரட்டும். எல்லோர் சொல்லுக்கும் கீழ்ப்படியப் பழகிய பிள்ளைதான் ஏமாற்றுகிறவன் சொல்லுக்கும் கீழ்ப்படிகிறது. இன்னொன்று, ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு வலிப்பு பதின்வயதில் முதன்முறையாக வருவதுண்டு. திடீரென்று சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றால் ‘அடம்’ என்று விட்டுவிடாதீர்கள். புதிதாகத் தலையில் அடித்துக்கொண்டால் முதலில் பல், காது, வயிறு பாருங்கள். வலி இருக்கிறது என்று அவனால் சொல்ல முடியாமல் இருக்கலாம். சிஎம்சி மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிப் பிரிவும், பாகாயம் மனநல மையத்தில் பெற்றோருக்கும் சேர்த்துப் பயிற்சி தரும் நம்பிக்கை நிலையமும் இருக்கின்றன. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள், அது ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

உங்கள் குரலைக் குறைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் அவன் குரல் வர வேண்டும். இந்த வைகாசி முதல் தேதி, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு, அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பறைச் சத்தமும் பட்டாசும் கூட்டமும் அவன் காதுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் கொஞ்சம் வேறு மாதிரி செய்யலாம். காதுக்கு அடைப்பான், போக வேண்டிய தெருவை முந்தின நாளே ஒரு தடவை நடந்து பார்ப்பது, கையில் ‘போதும், வீட்டுக்கு’ என்று எழுதிய ஓர் அட்டை. அவன் அட்டையை நீட்டிய அந்த நிமிடமே, சிரசு கண்ணெதிரே வந்துகொண்டிருந்தாலும், திரும்பிவிட வேண்டும். ஒரு தடவை நீங்கள் மதிக்கவில்லை என்றால் அட்டை வெறும் அட்டையாகிவிடும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் தானே ‘போதும்’ சொல்லித் திரும்பினான் என்றால், அன்றைக்கு அவன் கற்றது பத்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லாதது. நாளைக்கு வேலை செய்யும் இடத்திலும் இதே ‘போதும்’தான் அவனைக் காப்பாற்றும்.

லுங்கிக் கடைக்கு வருவோம். உறவினர்கள் சொன்னதில் ‘கடை’ சரி, ‘உட்கார வை’தான் தவறு. மடித்து, லேபிள் ஒட்டி, கவரில் போட்டு, பத்துப் பத்தாகக் கட்டும் வேலை எண்ணிக்கை பிடித்த பையனுக்கு நல்ல வேலை. முழுவதையும் ஒரே நாளில் சொல்லித் தராதீர்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் மற்றவர்கள் செய்துவிட, பத்தாவது லுங்கியை வைத்து முடிச்சுப் போடுவது மட்டும் அவன் வேலை. கட்டு முடிந்தது என்பதை அவன் கண்ணால் பார்க்கிறான் அல்லவா, அது பெரிய ஊக்கம். பத்துக் கட்டம் வரைந்த ஓர் அட்டைமேல் அடுக்கினால் எண்ணிக்கை தவறாது. அது வந்தபின் கவர், அதற்குப் பின் லேபிள், கடைசியில் மடிப்பு. தினம் ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம் போதும். முக்கியமாக, சம்பளம். சொந்தக் கடைதானே என்று விட்டுவிடாதீர்கள். வாரா வாரம் அவன் கையில் பணம் கொடுத்து, அதிலிருந்து அவனே போய் ஏதாவது வாங்கட்டும். பத்து வயது நிரம்பினால் தானே கையாளும் சேமிப்புக் கணக்கு வங்கிகள் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

அவனுக்குப் பிடித்த ஒன்றைக் கிறுக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஆட்டிசத்தை விரிவாகப் பதிவு செய்த ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று. அதில் முதல் குழந்தை டொனால்டு டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்காரர். சிறு வயதில் அவரை ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருப்பார் என்பதால், அந்தத் தம்பதி அவரைக் கிணறு வெட்ட வைத்து ஆழம் அளக்கச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே இருப்பார் என்பதால், சோளக்கொல்லையை உழுதுகொண்டே சால்களை எண்ண விட்டார்கள். பின்னாளில் கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, 2023-இல் 89 வயதில் காலமானார். அவர் ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போவார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த விவசாயி வீட்டுக்காரர்கள் செய்ததை நீங்கள் கடையில் செய்ய முடியும் என்கிறேன்.

படிப்பு தொடர்ந்தால் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், ஐந்து வருட வயதுத் தளர்வு உண்டு. அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்தில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். எட்டாவது முடித்தாலே சேரக்கூடிய ஐடிஐ பிரிவுகள் சில இருக்கின்றன, ஆனால் பட்டறைச் சத்தத்தை நேரில் ஒரு நாள் கேட்டபிறகு முடிவெடுங்கள்.

18 வயது நிரம்பும் நாளில் சட்டப்படி அவன் பெரியவன், நீங்கள் தானாகவே பாதுகாவலர் இல்லை. பாகப்பிரிவினை, பத்திரம், வங்கி என்று வரும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பார்கள். நியமனம் ஆனால் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. கையெழுத்துப் போடுவதன் பொருள் புரிந்து, உதவியோடு தானே முடிவெடுக்கும் பிள்ளைக்குப் பாதுகாவலர் போடுவதை நான் விரும்புவதில்லை. 17 வயதில் இதைப் பற்றி மறுபடி கேளுங்கள். அதற்குள் வீட்டையோ நிலத்தையோ அவசரப்பட்டு அவன் பெயருக்கு எழுதிவிட வேண்டாம், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் தனியார் அறக்கட்டளை பற்றி, அதாவது அவன் பராமரிப்புக்காகச் சொத்தை நம்பகமான பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு பற்றி, பேசுங்கள். அவனுக்கு ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டதாக இப்போதே பேசாதீர்கள். அவளுக்கும் 12 வயதுதான், கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காட்பாடிப் பையனுக்கு இப்போது 24 வயது. போன வருடம் அவன் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார், அதே பஸ் போகும் வழியில். அவருக்கு உடம்பைவிட மகனைப் பற்றித்தான் கவலை. மூன்றாம் நாள் மாலை நான் பார்க்கப் போயிருந்தேன். பார்வை நேரம் நான்கு மணி. நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பையன் வாசலில் வந்து நின்றான், அச்சகத்திலிருந்து நேராக. கையில் பை, பையில் துவைத்து மடித்த இரண்டு புடவை, ஒரு சீப்பு, பழைய சாவி வளையத்தில் புதிதாக ஓர் அட்டை. மருத்துவமனை வாசலைத் தானே படம் எடுத்துக் கோர்த்திருந்தான். அம்மா ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டார். ‘சாப்பிட்டாயா’ என்று திருப்பிச் சொன்னான், கொஞ்ச நேரம் கழித்து, ‘ரசம் சாதம்’ என்றான். ஐந்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை.